மழைமாதத்தில் பிள்ளைகள் கையால் செய்யும் பண்டிகைப் பரிசு: மலையகத்து வீட்டுக்கு எது சரிவரும்?

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்றரை. தீபாவளிக்கு அம்மாயிக்கும், லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பக்கத்துக் காம்பரா அத்தைக்கும், கொழும்பில் கடையில் நிற்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். பெரிய செலவு கூடாது. போன வருடம் கோதுமை மாவும் உப்பும் பிசைந்து செய்த பொம்மைகள் சரியாகக் காயாமல் கசிந்து, கடைசியில் பூஞ்சணம் பிடித்துவிட்டன. இந்த முறை வேறு என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தப் பொம்மைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை பெய்கிற நாளெல்லாம் ஈரப்பதம் அதற்கு மேலேதான் நிற்கும். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பு போட்டுப் பிசைந்த பொம்மை அந்தக் காற்றில் எப்படிக் காயும்? ஒருநாள் வெயிலில் காய்ந்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி வியர்க்கும். ஓவன் உள்ள வீட்டிலும், வெயில் அடிக்கிற ஊரிலும் செய்து காட்டுகிற வேலை அது. லயத்துக் காம்பராவுக்கு ஒத்துவராது. அதை விட்டுவிடுங்கள்.

முன்பள்ளியிலும், பிள்ளைக் காம்பரா என்கிற தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலும் சிறுபிள்ளைகளோடு இந்த வேலைகளைச் செய்து வருகிறவள் என்ற முறையில், ஒரு பரிசைத் தெரிவுசெய்யும்போது இரண்டு விடயம்தான் பார்ப்பேன். ஒன்று, அது காய்ந்தாக வேண்டிய பொருளா, அப்படியானால் நம் காற்றில் காயுமா? மற்றது, அதில் பிள்ளையின் கை உண்மையாகவே செய்கிற பகுதி எது?

தீபாவளிக் காலம் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்டது. பல நாள் காலையில் வெயில் வரும், பின்னேரம் இடியோடு கொட்டும். ஆகவே பசை, சாயம் சேர்ந்த வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நத்தாருக்குச் செய்கிறவர்களுக்கு இன்னும் சிரமம். மார்கழியில் வடகீழ் பருவமழை. பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் அது பலமாகப் பிடிக்கும், ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எங்கிருந்தாலும் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரும் மேலே பரணும்தான் நமக்குக் காயவைக்கும் இடம்.

ஈரத்தோடு மல்லுக்கட்டுவதை விட, ஈரத்தை விரும்புகிற பரிசைத் தேடுவது நல்லது. என் முதல் தெரிவு எப்போதும் செடி. நம் வாசல்களில் ஜெரேனியம், பிகோனியா, பியூசியா எல்லாம் கேட்பாரில்லாமல் பூத்துக் கிடக்கின்றன. கீழ்நாட்டில் இவை இப்படி லேசில் வராது, நமக்கு இந்தக் குளிர் கொடுத்திருக்கிற சொத்து. ஜெரேனியத்தில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளையும் பூவையும் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காயும்படி ஒருநாள் நிழலில் போட்டு வைத்து, மண்ணும் மணலும் சரிபாதி கலந்து நட்டால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடித்துவிடும். அதற்கு அதிகத் தண்ணீர் ஆகாது, தண்டு அழுகிவிடும். மழை நேரடியாக விழாமல் தாழ்வாரத்துக்குள் வையுங்கள். பியூசியாவைக் காயவிடாமல் உடனே நட வேண்டும். தொட்டி வாங்கத் தேவையில்லை, கழுவிய யோகட் கோப்பையே போதும். அடியில் ஓட்டை போடுவது உங்கள் வேலை, மண் அள்ளிப் போடுவதும் விரலால் குழி செய்வதும் அமத்துவதும் பிள்ளையின் வேலை. பால்மா டின்னில் நடுவதென்றால் அதன் விளிம்பைத் தட்டி மடித்த பிறகுதான் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும்.

மூன்றரை வயதுக்காரனுக்கு மூன்று வாரம் என்பது விளங்காத தூரம். அவனுக்குப் புதினாத் தண்டை ஒரு கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் போட்டுக் கொடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் இறங்குவது கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரியும். தினமும் காலையில் எழும்பிப் பார்ப்பான். வேர் விரல் நீளம் வந்ததும் கோப்பைக்கு மாற்றிவிடலாம். அம்மாயிக்குச் சம்பல் அரைக்க அவன் வளர்த்த புதினா.

செடி தேடப் போகும்போது ஒரு கவனம். வேலியோரம் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் எக்காளம் போல் தொங்குகிற பூ நம் பக்கம் நிறைய உண்டு. ஊமத்தை இனம். பார்க்க அழகு, ஆனால் இலை, பூ, விதை எல்லாம் நஞ்சு. அதைப் பறிக்கவோ பூக்கொத்தில் சேர்க்கவோ வேண்டாம். மாலை கோர்க்க விதை பொறுக்கினால் குன்றிமணியைத் தொடவிடாதீர்கள். மஞ்சாடி முழுச் சிவப்பு, குன்றிமணியில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், மென்றால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடியும் பாசிமணியும் கூட சின்னவனுக்கு வேண்டாம், அந்த வயதில் வாயில் மூக்கில் போடுகிற பழக்கம் முழுதாகப் போயிருக்காது. தோட்டத்தில் மருந்தடித்த வெற்றுக் கேன்களைக் கழுவிப் பூந்தொட்டி செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை தரம் கழுவினாலும் அவை வீட்டுக்குள் வரக் கூடாது.

இனிப் பிள்ளையின் கை. வாழ்த்து அட்டையில் அம்மா மயில் வரைந்து, பிள்ளை கோட்டுக்குள் நிறம் தீட்டினால் அது அம்மா செய்த அட்டை. அம்மாயிக்கு அது தெரியும், பிள்ளைக்கும் தெரியும். மூன்று மூன்றரை வயதில் பிள்ளையால் கிழிக்க முடியும், ஒட்ட முடியும், அமத்த முடியும், ஊற்ற முடியும். மொட்டைக் கத்தரிக்கோலால் ஒரு கடதாசிப் பட்டையைத் துண்டு துண்டாக நறுக்க முடியும், கோட்டின் மேல் வெட்ட வராது. ஐந்து வயதில் கோட்டின் மேல் வெட்டும், கண் மூக்கு வைத்து முகம் வரையும். ஆறு வயதில் முனை மழுங்கிய பெரிய ஊசியில் நூல் கோர்த்து ஓட்டுத் தையல் போடலாம், தன் பெயரை எழுதலாம். இந்த அளவுக்குத் தக்க வேலையைக் கொடுத்துவிட்டு நீங்கள் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். கோணலாக ஒட்டியதைப் பிள்ளை தூங்கின பிறகு எடுத்து நேராக ஒட்டுகிற தாய்மார் இருக்கிறார்கள். காலையில் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். அடுத்த முறை பசையை உங்கள் பக்கம் தள்ளி, "நீங்களே ஒட்டுங்க" என்று சொல்லும். கோணல் அப்படியே இருக்கட்டும். நேரமும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் சின்னவனை இழுக்காதீர்கள். மிச்சம் நாளைக்கு.

இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து செய்ய ஒன்று சொல்கிறேன், இதற்கு வேண்டியதெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது: தேயிலைச் சாயத் துணி.

பழைய வெள்ளைப் பாடசாலைச் சீருடை இருக்குமே, அதை எடுங்கள். பருத்தியாக இருக்க வேண்டும். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். கடதாசி எரிந்த வாசத்தோடு சாம்பலானால் பருத்தி, உருகி உருண்டையானால் பொலியெஸ்டர், அதில் சாயம் ஏறாது. துணியை நன்றாகத் துவைத்து, கைக்குட்டையளவோ தலைத்துண்டளவோ வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் நாலு மேசைக்கரண்டி தேயிலைத் தூளைப் போட்டுக் கால் மணிநேரம் கொதிக்க வைத்து வடியுங்கள். ஆறினதும் நனைத்த துணியை அதில் போட்டு ஓரிரவு விடுங்கள். போடுவதும் குச்சியால் புரட்டுவதும் பிள்ளைகள் செய்யட்டும். காலையில் பிழிந்து நிழலில் போட்டால் இளம் மண்ணிறத் துணி.

அதற்கு ஒரு வாரம் முன்பே இன்னொன்று ஆயத்தமாக வேண்டும். துருப்பிடித்த ஆணிகள் கொஞ்சத்தை ஒரு போத்தலில் போட்டு, மூழ்கும்வரை வினாகிரி ஊற்றி, மூடியை இறுக்காமல் வைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு வாரத்தில் அது மண்ணிற நீராகிவிடும். அரைக் கோப்பை நீரை வடித்து, அதில் இரண்டு மேசைக்கரண்டி காய்ச்சிய கோதுமை மாப் பசை கலந்தால் துணியில் பரவாமல் நிற்கும். இனி அச்சுக்கட்டை வேண்டும். நுவரெலியா மரக்கறியை விட நல்ல அச்சு கிடையாது. லீக்ஸின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டினால் வளையத்துக்குள் வளையம். கரட்டின் தடித்த முனை ஒரு முழு வட்டம், சின்னக் கைக்குப் பிடிக்கவும் தோது. உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி நீங்கள் இலை வடிவம் செதுக்கிக் கொடுக்கலாம். செல்தரி அடியை வெட்டினால் ரோசாப்பூவேதான்.

கலவையை ஒரு தட்டில் மடித்த துணியில் ஊற்றி வையுங்கள். மூத்தவள் அச்சை அதில் ஒற்றித் தேயிலைத் துணியில் அமத்தட்டும். ஒற்றும்போது வெளிறிய மண்ணிறம்தான் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாம்பலாகி, கறுத்து வரும். தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. கையால் வரைந்து சாயமிடும் பழைய கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு போடுவதும் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்து எடுத்த நீரால்தான், அடிப்படை ஒன்றே. ஒருநாள் காயவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசினால் பசை போகும், கறுப்பு நிற்கும். கொழுந்துக்குப் போகிற அத்தைக்கு இதைவிடப் பொருத்தமான தலைத்துண்டு எந்தக் கடையில் கிடைக்கும்? மூத்தவள் சிவப்பு நூலால் ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டால் அது அவளுடைய துண்டு.

அந்த இரும்பு நீர் வயிற்றுக்குள் போகக் கூடாதது. நீங்கள் பக்கத்திலிருந்து ஊற்றிக் கொடுத்து, வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டி, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். சின்னவனை அதில் சேர்க்க வேண்டாம். அவனுக்கு மஞ்சள் கடதாசி இருக்கிறது. வெள்ளைக் கடதாசியில் மஞ்சள் கரைத்த நீரைப் பூசிக் காயவைத்து, சவர்க்காரத் தண்ணீரில் தொட்ட கரட்டால் குத்தச் சொல்லுங்கள். குத்தின இடமெல்லாம் சிவக்கும். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு செய்வதைத்தான் இங்கே சவர்க்காரம் செய்கிறது. ஆனால் ஆரத்தி பார்த்துவிட்டுச் சுண்ணாம்பைக் கொடுத்துவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பொல்லாதது. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். அந்தக் கடதாசியைச் சுவரில் மாட்டுகிற படமாக்காமல் வாழ்த்து அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். வெளிமட்டைக்குப் பால்மாப் பெட்டி அட்டை போதும், பிரிஸ்டல் போர்ட் வாங்கத் தேவையில்லை. பீட்ரூட் சாறும் இப்படித்தான், முதல்நாள் கண்ணைப் பறிக்கும், பிறகு மங்கிவிடும். நிற்கிற நிறம் வேண்டுமானால் மேலே சொன்ன இரும்புக் கறுப்பு, இல்லாவிட்டால் கடைச் சாயம்.

பைனஸ் காடு கிட்ட இருந்தால் கீழே விழுந்த காய்களைப் பொறுக்கி வாருங்கள். மழையில் கிடந்தது இறுக மூடியிருக்கும், பழுதென்று எறிய வேண்டாம். அடுப்போரம் இரண்டு மூன்று நாள் வைத்தால் செதில் செதிலாக விரியும். ஈரம் பட்டால் மறுபடி மூடும், காய்ந்தால் விரியும், மரத்திலிருந்து விழுந்த பிறகும் அந்தக் குணம் போகாது. பலர் இதற்குத் தங்கப் பூச்சு பூசி அலங்காரப் பொருளாக்குவார்கள். நான் பூசாமல் விடச் சொல்வேன். காம்பில் ஒரு நூல் கட்டி, பிள்ளை வரைந்த ஒரு சிறு அட்டையைத் தொங்கவிட்டு, "மூடினால் ஈரம், விரிந்தால் உலர்வு" என்று மூத்தவள் கையால் எழுதி அம்மாயி வீட்டு இஸ்தோப்பில் (வாசல் தாழ்வாரத்தில்) மாட்டச் சொல்லுங்கள். அரிசி காயப்போடுகிற, விறகு காயவைக்கிற வீட்டில் அது தினமும் பார்க்கிற பொருளாகிவிடும். அடுத்த முறை போகும்போது சின்னவன் நேரே ஓடிப் போய் அதைத்தான் பார்ப்பான்.

தின்பண்டத்தில் எண்ணெய்ச் சட்டிக்கும் சீனிப் பாகுக்கும் கிட்டப் பிள்ளைகள் வேண்டாம். முறுக்கும் மில்க் டொபியும் உங்கள் வேலையாகவே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு உருண்டை பிடிக்கிற வேலை. பாசிப்பயறை வறுத்து அரைத்த மா இரண்டு கோப்பை, பொடித்த சீனி ஒரு கோப்பை, உருக்கிய நெய் அரைக் கோப்பை, இரண்டு ஏலக்காய். சூட்டோடு நீங்கள் கலந்து, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளிடம் கொடுங்கள். தண்ணீரும் தேங்காய்ப்பூவும் சேராததால் இரண்டு வாரம் வரை இருக்கும். தேங்காய்ப்பூ சேர்த்தால் ருசி கூடும், ஆனால் ஓரிரு நாளில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பெரிதும் சின்னதுமாக வரும் உருண்டைகளை மறுபடி பிடித்துச் சமமாக்க வேண்டாம்.

நெய் விலைக்குக் கட்டாது என்றால் கொத்தமல்லிப் பொட்டலம் இருக்கிறது. நாலு மேசைக்கரண்டி கொத்தமல்லி, இரண்டு துண்டு வேர்க்கொம்பு (சுக்கு). கரண்டியால் எண்ணி எண்ணிப் போடுவது சின்னவனுக்குக் கணக்குப் பாடமும்தான். வறுத்து ஆறவைத்துக் கொடுத்தால் மழைக்குள் தடிமன் (சளி) பிடிக்கிற அம்மாயிக்கு உதவும்.

கொழும்பு மாமாவுக்கு நான் தேயிலை அனுப்பச் சொல்வேன். கொழும்பில் தேயிலை கிடைக்காதா என்று கேட்கலாம். வீட்டுத் தேயிலை கிடைக்காது. 200 கிராம் தூளுக்குப் பத்து ஏலக்காயும், சுண்டுவிரல் நீளக் கறுவாப்பட்டையும், ஒரு துண்டு வேர்க்கொம்பும் சின்ன உரலில் மூத்தவள் இடித்துச் சேர்க்கட்டும். தேயிலை ஈரத்தையும் பக்கத்து வாசத்தையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். காய்ந்த டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், சவர்க்காரத்தோடு ஒரே பையில் வைக்காதீர்கள். டின்னைச் சுற்றிப் பிள்ளைகள் கிழித்து ஒட்டிய நிறக் கடதாசி. அதற்குக் கடைப் பசை வேண்டாம், ஒரு பங்கு கோதுமை மாவை நாலு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சினால் போதும். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், வைத்திருந்தால் புளிக்கும். மெல்லியதாகப் பூச வேண்டும், தடிப்பாகப் பூசின இடத்தில்தான் நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைப் படிக்கிற வீடுகளில் தாய் குவைத்திலோ டுபாயிலோ இருக்கிற வீடுகளும் உண்டென்பதால் எழுதுகிறேன். தபாலில் போகத் தட்டையான, உடையாத, பாரமில்லாத பொருள் வேண்டும். பிள்ளை இரண்டு கையையும் அகல விரித்து நிற்க, ஒரு பக்க விரல் நுனியிலிருந்து மறுபக்க விரல் நுனி வரை ஒரு நாடாவை அளந்து வெட்டுங்கள். கிட்டத்தட்டப் பிள்ளையின் உயரமளவு வரும். கடதாசியில் இரண்டு கையையும் பதித்து வரைந்து, வெட்டி, நாடாவின் இரு முனையிலும் ஒட்டுங்கள். அம்மா அதைத் தோளைச் சுற்றிப் போட்டால் பிள்ளை கட்டிப்பிடிக்கிற அளவு. கூடவே ஒரு கடிதம். பிள்ளை சொல்லச் சொல்ல, சொன்ன சொல்லை மாற்றாமல் அம்மாயியோ அப்பாவோ எழுத வேண்டும். "நாய் குட்டி போட்டிருக்கு, மூணு" என்று சொன்னால் அதையே எழுதுங்கள். "நாங்கள் நலம், நீங்கள் நலமா" என்று பெரியவர்கள் பாணியில் திருத்தினால் அந்தத் தாய் தேடுகிற குரல் அதில் இருக்காது. வெளிநாட்டுத் தபாலுக்கு எத்தனை நாள் எடுக்குமென்று தபாற்கந்தோரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள், வேலைக்கும் போய்ப் பலகாரமும் சுடுகிற உங்களுக்கு அது முடியாது. அம்மாயிக்குப் புதினாவும் பைனஸ் காயும், அத்தைக்குத் தலைத்துண்டு, மாமாவுக்குத் தேயிலை டின், அவ்வளவு போதும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆணிப் போத்தலை வைத்து, அதே காலையில் புதினாத் தண்டையும் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மறு ஞாயிறு துணி. அதற்கு அடுத்த கிழமை பின்னேரங்களில், மழைக்குள் வீட்டுக்குள் அடைந்திருக்கும் நேரம், அட்டையும் தையலும். தேயிலை டின்னைக் கடைசியில் நிரப்புங்கள், நாள் கூடினால் வாசம் இறங்கும். பண்டிகைக்கு மாமா வீட்டுக்கு வருகிறாரென்றால் அதை அனுப்ப வேண்டாம், அவர் திரும்பிப் போகிற அன்று பஸ்ஸில் ஏறும்போது பிள்ளைகள் கையில் கொடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.